உரிமை ஊரைக் கெடுத்ததா?

மதுரையைச் சுற்றிய சமவெளியில் ஒரு கருத்து கேட்பாரின்றி உலவுகிறது. ஊர்ச் சாவடி, கருத்தரங்க மேடை, கட்சிக் கூட்டம் என்று இடத்துக்கு இடம் அதன் நடை மாறும், சாரம் மாறாது. "முன்னெல்லாம் ஊர் ஒன்னா இருந்துச்சு, கம்மா நிறைஞ்சுச்சு. பட்டா, கோர்ட்டு, உரிமைன்னு ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சதும் ஊரும் போச்சு, தண்ணியும் போச்சு." படித்தவர்கள் இதையே கொஞ்சம் இஸ்திரி போட்டுச் சொல்வார்கள்: தனிமனித உரிமை மேற்கிலிருந்து வந்த சரக்கு, நம்முடையது கூட்டு வாழ்வின் மண், இரண்டும் ஒட்டாது, எனவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

இந்தக் கருத்துக்குப் பகையாளி என்று ஒருவர் கிடையாது என்பதுதான் விசேஷம். வலதுசாரிக்கு இதில் பண்பாடு தெரிகிறது. இடதுசாரியில் ஒரு பிரிவுக்கு முதலாளித்துவ எதிர்ப்பு தெரிகிறது. காந்தியவாதிக்குக் கிராம சுயராஜ்யம் தெரிகிறது. சூழலியலாளருக்கு மரபுசார் நீர் மேலாண்மை தெரிகிறது. இத்தனை பேரும் தலையாட்டும் கருத்தை எதிர்ப்பது வீண்வேலை என்று தோன்றலாம். ஆனாலும் எதிர்த்தாக வேண்டும். இது வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. இந்த நாட்டின் அரசியல் சாசனத்துக்கும் பொருந்தவில்லை. எதைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறதோ அந்த ஊருக்கே இதனால்தான் கேடு.

கண்மாயிலிருந்தே தொடங்கலாம். எதிர்த்தரப்பின் பலமான சான்று அதுதான்.

வைகை ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறல்ல. அதனால்தான் இந்தச் சமவெளி கண்மாய்களால் ஆனது. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அந்த நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். இடையில் வரத்துக் கால்வாய் ஓரிடத்தில் தூர்ந்தாலும் கீழே நாலு ஊர் காயும். இப்படி ஓர் ஏற்பாட்டைத் தனி ஆள் நடத்த முடியாது. மடையைத் திறந்து வயல் வயலாக நீர் பாய்ச்ச நீர்பாய்ச்சி வேண்டும். அறுவடையில் அவருக்குக் களத்து நெல் அளக்க வேண்டும். கரை உடையும் இரவில் ஊரே மண்வெட்டியுடன் ஓட வேண்டும். இதை எவரும் மறுக்க முடியாது. கூட்டு இல்லாமல் கண்மாய் இல்லை.

ஆனால் அந்தக் கூட்டில் யார் இருந்தார்கள்? ஊர்க் கூட்டத்தில் கணக்கு தலைக்கட்டுக்குத்தான். தலைக்கட்டு என்றால் மணமான ஆண். விதவைக்கு அங்கே வாய் கிடையாது. நாற்று நடுகிறவளுக்கும் கிடையாது. நீர்பாய்ச்சி பல ஊர்களில் தலித். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் நீர்ப் பங்கை முடிவு செய்யும் கூட்டத்தில் அவர் உட்கார முடியாது. தள்ளி நின்று உத்தரவு வாங்கிக்கொள்ள வேண்டும். கரையில் மண் சுமந்த முதுகும் கரைமேல் உட்கார்ந்து பேசிய வாயும் ஒரே ஆளுடையவை அல்ல.

குடிமராமத்து என்பது மக்கள் மனமுவந்து செய்த பணி என்று இப்போது பாடமாகவே சொல்லப்படுகிறது. அப்படி மனமுவந்து வந்தவர்களை வரவழைக்க 1858இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று ஏன் தேவைப்பட்டது? பராமரிப்புச் செலவைத் தன் தலையிலிருந்து இறக்கிவைக்க விரும்பிய ஆங்கிலேய அரசு, அதைக் குடிகளின் தொன்றுதொட்ட வழக்கம் என்று எழுதிக்கொண்டது. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மோஸ், 2003இல் வெளியான தன் நூலில் இதை விரிவாகவே காட்டியிருக்கிறார். நாம் பொற்காலம் என்று கொண்டாடுவதில் ஒரு பங்கு வருவாய்த் துறையின் கைவண்ணம்.

சரி, கண்மாயைக் கெடுத்தது யார்? மதுரை நகருக்குள்ளேயே பார்க்கலாம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004இல் திறக்கப்பட்டது. அது நிற்பது உலகனேரிக் கண்மாய்ப் பரப்பில். மாநகராட்சியின் தலைமைக் கட்டடம் தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில். எந்தத் தனிமனிதனும் தன் உரிமையைக் கேட்டு இந்தக் கண்மாய்களை மூடவில்லை. பொதுநலன் என்ற பெயரில் அரசு மூடியது. கிராமங்களில் வேறு கதை: கண்மாயைப் பொதுப்பணித் துறை எடுத்துக்கொண்டது, வசதியுள்ளவர் மோட்டார் கிணறு வெட்டிக் கண்மாயை மறந்தார், உள்வாயில் சீமைக் கருவேலம் அடைந்தது, கரையோரத்துப் புறம்போக்கை ஊரில் செல்வாக்குள்ளவர் வளைத்தார். வளைத்தவர் ஊர்ப் பெரியவர் என்றால் ஊர்க் கூட்டம் அதைப் பற்றி வாய் திறக்காது.

அங்கே வாய் திறந்தது யார் என்று பார்த்தால் எதிர்த்தரப்புக்குச் சங்கடமாக இருக்கும். நீர்நிலைப் புறம்போக்கு ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி 2005இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்த முக்கியமான தீர்ப்பு தனி ஆள் ஒருவர் போட்ட மனுவில் வந்தது. ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொது நிலங்களை மீட்க எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஊர்ப் பொதுவை மீட்கும் வலுவான கருவியாக இன்று இருப்பது, எவரிடமும் அனுமதி கேட்காமல் ஒற்றை ஆள் நீதிமன்றம் போகலாம் என்ற உரிமை. தீர்ப்புகள் பாதி கோப்பிலேயே தூங்குகின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கோப்பாவது இருக்கிறது. ஊர்க் கட்டுப்பாட்டிடம் கோப்பு கிடையாது, மேல்முறையீடு கிடையாது.

இந்தச் சண்டை நமக்குப் புதிது, உலகுக்குப் புதிதல்ல. ரஷ்யாவில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இதே சண்டை நடந்தது. அது எப்படி முடிந்தது என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

டால்ஸ்டாயும் கார்க்கியும் நியூ செஞ்சுரி புத்தக வண்டியில் மதுரைக்கு வந்தார்கள். ஆனால் இந்தச் சண்டையில் கூர்மையாகப் பேசியவர்கள் அந்த வண்டியில் வரவில்லை. சோவியத் காலத்தின் பெரும்பகுதியில் அவர்களில் பலருடைய எழுத்துகளுக்குச் சொந்த நாட்டிலேயே மறுபதிப்பு அரிது. 1840களில் ஸ்லாவோபில்கள் என்ற குழுவினர் சொன்னது இது: மேற்குக்குச் சட்டமும் ஒப்பந்தமும் வேண்டும், ஏனென்றால் அங்கே மனிதர்கள் ஒருவரை ஒருவர் நம்புவதில்லை, ரஷ்யனுக்கு நிலத்தைப் பொதுவில் வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் கிராமக் கூட்டமைப்பான ஒப்ஷீனா இருக்கிறது, உள்ளத்தால் ஒன்றிய வாழ்வு இருக்கிறது, அவனுக்குச் சட்ட உத்தரவாதம் எதற்கு? அந்தக் குழுவின் ஹோமியகோவும் அக்சாகோவும் பேசியதைத் தமிழில் போட்டால் நம் சிற்றிதழ்களில் அப்படியே அச்சேறும். மறுமுனையில் இருந்த புரட்சியாளர் ஹெர்சனும் அதே ஒப்ஷீனாவிடம் நம்பிக்கை வைத்தார். அதன் வழியாக ரஷ்யா நேராகச் சோசலிசத்துக்குப் போய்விடும் என்றார். நம் ஊரைப் போலவே அங்கும் இரு துருவங்களும் ஒரே இடத்தில் வந்து கைகோத்தன.

1856இல் போரிஸ் சிச்செரின் என்ற சட்ட அறிஞர் இந்தக் கனவில் ஊசி குத்தினார். ஒப்ஷீனா இப்போதிருக்கும் வடிவம் தொல்பழங்காலத்தது அல்ல, வரி வசூலுக்காக அரசு உருவாக்கியது என்று ஆவணங்களைக் கொண்டு வாதிட்டார். பிறகு நடந்ததும் அவருக்குச் சாதகமாகவே இருந்தது. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தபோது பெரும்பாலான பகுதிகளில் நிலம் குடியானவன் கைக்கு வரவில்லை, ஒப்ஷீனாவிடம் போனது. ஒருவன் வரி கட்டாவிட்டால் ஊரே கட்ட வேண்டும் என்ற கூட்டுப் பொறுப்பு 1903 வரை நீடித்தது. வரிச்சுமை தங்கள் தலையில் விழும் என்பதால் யாரையும் ஊரை விட்டுப் போக அண்டைவீட்டான் விடமாட்டான். கூட்டத்தில் பேசும் உரிமை குடும்பத் தலைவனுக்கு மட்டும். நம் தலைக்கட்டுதான்.

1906இல் பிரதமர் ஸ்டோலிப்பின் எதிர்த்திசையில் தவறு செய்தார். கூட்டமைப்பை அரசு அதிகாரத்தைக் கொண்டு மேலிருந்து உடைக்கப் பார்த்தார். விவசாயிகளிடம் பகைதான் மிஞ்சியது. 1930களில் ஸ்டாலின் அதே விவசாயிகளைக் கூட்டுப் பண்ணைக்குள் அடைத்தார். நகரத்தாருக்குக் கொடுத்த உள்நாட்டுப் பாஸ்போர்ட் கூட்டுப் பண்ணை விவசாயிக்கு இல்லை. பொதுவாக எல்லாருக்கும் அதைக் கொடுக்கும் உத்தரவு வர 1974 ஆயிற்று. உரிமை இல்லாத கூட்டு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடப் பச்சையான சான்று வேண்டாம்.

இந்த இரண்டு பள்ளத்துக்கும் நடுவே ஒரு வழியைச் சிலர் காட்டினார்கள். விளாதிமிர் சொலோவியோவ் 1897இல் எழுதிய அறவியல் நூலில் சட்டத்தை அறத்தின் பகையாகப் பார்க்கவில்லை. அறம் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்ற குறைந்தபட்ச வரம்பாகப் பார்த்தார். மனிதன் மாண்போடு வாழத் தேவையானதைச் சமூகம் உறுதிசெய்ய வேண்டும் என்றும் அதே நூலில் சொன்னார். பாவெல் நோவ்கொரோத்சேவ் 1905இல் இதைச் சட்ட மொழிக்குக் கொண்டுவந்தார்: மாண்புள்ள வாழ்வு என்பது பணக்காரன் போடும் பிச்சை அல்ல, கேட்டுப் பெறத்தக்க உரிமை. கீவில் பிறந்த போக்தான் கிஸ்தியாகோவ்ஸ்கி இன்னும் ஒரு படி போனார். சோசலிசம் சட்ட ஆட்சியை அழித்துவிட்டு வரக் கூடாது, அதன் தொடர்ச்சியாகவே வர வேண்டும். பேச்சு, வாக்கு, வழக்காடல் ஆகிய உரிமைகளோடு உணவும் கல்வியும் உரிமைகளாகச் சேர வேண்டும் என்றார்.

1909இல் வெளியான 'வேஹி' என்ற கட்டுரைத் தொகுப்பில் அவர் தன் நாட்டு அறிவாளிகளைப் பிடித்து உலுக்கினார். சட்டத்தை அற்பமாக நினைப்பதையே நீங்கள் ஆன்மிக உயர்வாக எண்ணிக்கொள்கிறீர்கள் என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. 1903ஆம் ஆண்டு சோசலிசக் கட்சி மாநாட்டில் அதன் தலைவர்களில் ஒருவரான பிளகானோவ் பேசியதை எடுத்துக்காட்டினார்: புரட்சியின் வெற்றியே உச்ச சட்டம், அதற்காக வாக்குரிமையைக்கூடக் கட்டுப்படுத்த நேரலாம் என்ற பேச்சு அது. யாரும் காது கொடுக்கவில்லை. 1918 ஜனவரியில், தேர்தலில் உருவான அரசியல் நிர்ணய சபை ஒரே அமர்வோடு கலைக்கப்பட்டது.

இனி மதுரைக்குத் திரும்பலாம். உரிமை மேற்கத்தியச் சரக்கு, ஆங்கிலேய நீதிமன்றம்தான் அதை இங்கே இறக்கியது என்கிறார்களே, அதைச் சோதித்துப் பார்ப்போம்.

1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் சமஸ்தானம் வழக்குப் போட்டது. மதுரை நீதிமன்றத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. வழக்கம்தான் வென்றது. அதாவது ஆங்கிலேயச் சட்டம் நின்றது தனிமனிதன் பக்கம் அல்ல. ஊர் வழக்கத்தின் பக்கம். உரிமை கேட்டு நின்றவர்கள் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். வேண்டாம் என்று கதவைச் சாத்தியது லண்டன்தான்.

இன்னொரு சான்று உசிலம்பட்டிப் பக்கத்திலேயே இருக்கிறது. குற்றப் பழங்குடியினர் சட்டம் என்ன செய்தது? யார் திருடினான் என்று கேட்கவில்லை, எந்தச் சாதியில் பிறந்தான் என்று கேட்டது. பிறந்த குழந்தையிலிருந்து கிழவன் வரை ஒரு சமூகத்தையே குற்றவாளி என்று எழுதிவைத்து ரேகை பதியச் சொன்னது. அதை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று மக்கள் திரண்டபோது காவல்துறை சுட்டது, பலர் உயிர்விட்டார்கள். ஆண்டுதோறும் அங்கே அஞ்சலி நடக்கிறது. அந்த மக்கள் எதற்காக உயிர் கொடுத்தார்கள்? என்னை என் சாதியாகப் பார்க்காதே, நான் செய்ததற்கு மட்டும் நான் பொறுப்பு என்பதற்காகத்தான். தனிமனிதப் பொறுப்பு என்ற கோட்பாட்டுக்கு இதைவிடத் தமிழ் மண்ணில் வேரூன்றிய நினைவிடம் வேறு இல்லை. அங்கே மலர்வளையம் வைத்துவிட்டு, மறுநாள் உள்ளூர் மேடையில் ஏறித் தனிமனித உரிமை அந்நியச் சரக்கு என்று பேசுவது அந்தத் தியாகத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர் தலைமையில் தலித்துகளும் நாடார் ஒருவரும் மீனாட்சியம்மன் கோவிலுக்குள் போனார்கள். ஊர் கெட்டுவிடும், கோவில் கெட்டுவிடும் என்ற கூச்சல் அப்போதும் எழுந்தது. அதற்குச் சட்டப் பாதுகாப்பு தர ராஜாஜி அரசு முதலில் அவசரச் சட்டமும் பிறகு சட்டமும் கொண்டுவந்தது. சரி, கோவில் கெட்டதா? இன்று சித்திரைத் திருவிழாவில் இலட்சக்கணக்கானோர் கூடும் மதுரையைப் பார்த்து, 1939க்கு முன்னால் இதைவிட ஒற்றுமையான ஊர் இருந்தது என்று சொல்லத் துணிவு உண்டா? கதவு திறந்தபின்தான் அது ஊர்க் கோவில் ஆனது.

கட்டுப்பாட்டை இழந்தால் ஊர் சிதறும் என்கிறவர்கள், கட்டுப்பாடு முழு வலிமையோடு இருந்த ஊர்களைப் பார்க்கட்டும். 1996இல் ஊராட்சித் தலைவர் பதவிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் ஊர்க் கட்டுப்பாடு ஒரு கீறல்கூட விழாமல் நின்றது. வேட்புமனு இல்லை, இருந்தாலும் வென்றவர் பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் கொடுத்தார். பத்தாண்டுகள் இது நடந்தது. மேலூர்ப் பக்கத்து மேலவளவில் அந்தக் கட்டுப்பாட்டை மீறித் தலைவரான முருகேசனும் உடன் சென்ற ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஊர் ஒன்றாக இருந்தது என்று பெருமூச்சு விடுகிறவர்கள் எந்த ஊரைச் சொல்கிறார்கள்? இந்த ஒன்றா?

2006 அக்டோபரில், அப்போதைய மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசி, அந்த ஊராட்சிகளில் தேர்தல் முறையாக நடந்தது. தலித் தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள். உத்தப்புரத்தில் தலித்துகளுக்கும் சாதி இந்துக்களுக்கும் நடுவே எழுப்பியிருந்த சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஆறுமுகம் சேர்வை வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டியில் கிராம சபை நடந்தபோது முதலமைச்சர் அதில் வந்து உட்கார்ந்தார். ஊர் சிதறவில்லை. முன்பு பாதிப்பேர் வெளியே நின்ற கூட்டத்தில் இப்போது எல்லாரும் உள்ளே வரச் சட்டப்படி இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு தன் புதிய ஆயுதத்தை எடுக்கும்: அரிட்டாபட்டி. எடுக்கட்டும், அது நல்ல ஆயுதம். 2024 நவம்பரில் மேலூர் வட்டத்தில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை ஏலத்தில் வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போன செய்தி வந்ததும் ஊர்கள் எழுந்தன. அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை இரத்து செய்தது. ஊர்த் தலைவர்களான நாட்டார்களும் அம்பலங்களும் கூப்பிடாமல் இவ்வளவு பேர் வந்திருப்பார்களா என்று கேட்பார்கள். வந்திருக்கமாட்டார்கள் என்பதே என் பதிலும்.

ஆனால் வந்தவர்கள் கையில் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கிராம சபைத் தீர்மானம் இருந்தது. கிராம சபை என்பது 1992இல் நிறைவேறிய 73ஆம் திருத்தம் உருவாக்கிய சட்ட அமைப்பு. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும், ஆணும் பெண்ணும், அதில் உறுப்பினர். கூடவும் பேசவும் ஊர்வலம் போகவும் சாசனத்தின் 19ஆம் பிரிவு இருந்தது. சட்டமன்றத் தீர்மானம் இருந்தது. மலையைக் காத்த கூட்டம் தலைக்கட்டுக் கூட்டமாக மட்டும் இருந்திருந்தால் அரசு அதைச் சாதிக் கும்பல் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கியிருக்கும். எல்லாச் சாதியும், பெண்களும் சேர்ந்த கூட்டமாக இருந்ததால் ஒதுக்க முடியவில்லை. மேலவளவும் மேலூர் வட்டம்தான். அரிட்டாபட்டியும் மேலூர் வட்டம்தான். இரண்டிலும் ஒற்றுமை இருந்தது. ஒன்றில் அது ஆள் கொன்றது, மற்றொன்றில் மலையைக் காத்தது. வேறுபாடு ஒற்றுமையின் அளவில் இல்லை. அதற்குள் யாருக்கெல்லாம் உரிமை இருந்தது என்பதில் இருக்கிறது.

மறுபக்கம் நிற்கும் தாராளவாதிகளுக்கும் ஒரு சொல். ஊர் என்றாலே சாதி, ஆகவே ஊரே வேண்டாம், ஆளும் சந்தையும் போதும் என்று முடிப்பவர்களும் இதே பொய்த் தேர்வை மறுமுனையில் நின்று ஏற்கிறார்கள். அவர்கள் அம்பேத்கரைத் துணைக்கு அழைப்பார்கள். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் கிராமத்தைக் கடுமையாகச் சாடி, தனிமனிதனையே அடிப்படை அலகாகக் கொண்டதை வரவேற்றது உண்மை. அதற்கு முந்தைய ஆண்டு 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் அதே அம்பேத்கர், விளைநிலம் அரசுடைமையாகிக் கூட்டுப் பண்ணைகளாக நடக்க வேண்டும் என்று எழுதியதும் உண்மை. முரண்பாடு என்று இதைத் தள்ளுகிறவர்கள் அவரைப் பாதி படித்தவர்கள். அடிப்படை உரிமைகளையும் பொதுவுடைமையான நிலத்தையும் ஒரே சாசனத்துக்குள், பெரும்பான்மை நினைத்தபோது கலைக்க முடியாதபடி எழுதிவைக்கச் சொன்னார் அவர். கிஸ்தியாகோவ்ஸ்கி கேட்டதும் இதைத்தான். இருவரும் ஒருவரை ஒருவர் படித்தார்களோ இல்லையோ, ஒரே நோய்க்கு ஒரே மருந்தை எழுதினார்கள். நோவ்கொரோத்சேவ் 1905இல் கேட்ட மாண்புள்ள வாழ்வை 1981இல் பிரான்சிஸ் கோராலி முல்லின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 21ஆம் பிரிவுக்குள் வைத்தது. சங்கம் சேரும் உரிமையும், 2012 முதல் கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் உரிமையும் நம் சாசனத்தில் குடிமகனின் உரிமைப் பட்டியலுக்குள்தான் இருக்கின்றன. கூட்டு என்பதே இங்கே தனி ஆளின் உரிமையிலிருந்து முளைக்கிறது.

புத்தகத்தில் சரி, வயலில் நடக்குமா என்றால் நடந்திருக்கிறது. வத்தலக்குண்டுக்குப் பக்கத்துப் பட்டிவீரன்பட்டியில் பிறந்து மதுரையில் படித்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், வினோபாவின் பூதானத்திலும் கிராமதானத்திலும் இறங்கியவர். நிலத்தை ஊர்ச் சபையின் பெயருக்கு மாற்றுவதுதான் கிராமதானம். கூட்டு வாழ்வின் உச்சக் கனவு அது. 1968 டிசம்பரில் கீழ்வெண்மணி எரிந்தபின் அவரும் கணவர் ஜெகந்நாதனும் தஞ்சைப் பகுதிக்குப் போனார்கள். 1981இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி அமைப்பு நிலக்கிழார்களிடம் நிலத்தைப் பேசி வாங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களில் பெண்ணின் பெயரில் எழுதிக்கொடுத்தது. கூட்டாகப் போராடி, கூட்டாக வாங்கி, பத்திரத்தை மட்டும் ஒருத்தியின் பெயரில் போட்டார்கள். ஊர்ச் சபைக்குக் கொடுத்த நிலத்தில் யார் பேச்சு எடுபடும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். தன் பெயரில் பத்திரம் வைத்திருக்கும் பெண் ஊர்க் கூட்டத்தில் பேசுகிற பேச்சு வேறு. காந்தியக் கூட்டு வாழ்விலிருந்து புறப்பட்டவர், அதை விட்டுவிடாமலே, தனி உரிமையில் வந்து நின்றார்.

இதற்கு நேர்மாறான பாதைக்கும் நம்மிடம் எடுத்துக்காட்டு உண்டு. பாசன மேலாண்மையில் விவசாயிகளுக்குப் பங்கு தரும் தமிழகச் சட்டம் 2000இல் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினர் யார்? ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர். கண்மாயில் ஆடு மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், மண்பாண்டத்துக்கு மண் எடுக்கிறவர், நடவுக்குப் போகிறவர் எவருக்கும் இடமில்லை. பழைய தலைக்கட்டுக் கணக்கையே புதிய சட்டத்தில் பெயர்த்து எழுதினோம். கூட்டு மேலாண்மை ஏன் உயிர்பெறவில்லை என்று பிறகு கருத்தரங்கு நடத்துகிறோம். நுண்கடனுக்குப் பெண்களைக் குழுவாக உட்காரவைத்து, ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடும் அப்படித்தான். ஜார் ஆட்சி 1903இல் கைவிட்ட கூட்டுப் பொறுப்பு இங்கே மகளிர் மேம்பாடு என்ற பெயரில் மறுபிறவி எடுத்திருக்கிறது.

படித்தவர்கள் தரப்பு கடைசியாக ஜே.சி. குமரப்பாவை அழைக்கும். கிராமப் பொருளாதாரத்தின் தத்துவ ஆசான், டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் இறுதிக் காலத்தைக் கழித்தவர், 1960 ஜனவரி 30 அன்று மறைந்தவர். அவரை நன்றாகவே அழைக்கட்டும். அவர் தொழிலால் கணக்குத் தணிக்கையாளர் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கட்டும். குஜராத்தின் மாதர் வட்டத்தில் கிராமங்களின் வரவு செலவை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் அவர் கிராமப் பொருளாதாரம் பேசினார். ஊரைப் புகழ்வதற்கு முன் ஊரின் கணக்கைப் பார்த்தவர் அவர். அவர் பெயரைச் சொல்கிறவர்கள் அவர் செய்ததைச் செய்வதில்லை.

ஆகவே தீர்ப்பு இதுதான். மதுரைச் சமவெளியில் ஊரைக் கெடுத்தது உரிமை அல்ல. ஊரில் பாதிப்பேருக்கு உரிமை இல்லாமல் இருந்தது ஊரை ஏற்கெனவே கெடுத்து வைத்திருந்தது. மிச்சத்தைப் பொதுநலன் என்ற பெயரில் அரசும், ஊர்ப் பெரியவர் என்ற பெயரில் ஆக்கிரமிப்பாளரும் முடித்தார்கள். ஊரா, ஆளா என்று கேட்பவர் யாராக இருந்தாலும், அவர் ஊர் என்று சொல்லும்போது யாரையெல்லாம் எண்ணிக்கையில் விடுகிறார் என்று முதலில் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் தமிழகத்தில் கிராம சபைக்கென்று குறிக்கப்பட்டவை. உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் யாருடைய அனுமதியும் இல்லாமல் போய் உட்காரலாம். போங்கள். கண்மாய் மீன் பாசி ஏலத்தில் வந்த பணம் எங்கே என்று கேளுங்கள். வரத்துக் கால்வாயை வளைத்தவர் பெயரைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் மனுப் போடுங்கள். தனி ஆளாகக் கேட்கிற அந்தக் கேள்வியைத் தவிர ஊரைக் காக்க வேறு வழி இல்லை.